டிரெஸ்டன் உடல்நலக் காட்சிச்சாலையும் கண்ணாடி மனிதனும்

மருத்துவ ஆய்வின் முடிபுகளைப் பொதுமக்கள் கண்டறியுமாறு காட்சிப்பொருள்களாக்கி வைக்கும் முயற்சி ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் நிகழ்ந்ததாயினும், அதனைத் தனிக்கலையாகவே வளர்த்தது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் எனலாம். அந்நகரத்து உடல்நலக் காட்சிச்சாலை, 1933-இல் நாசிகள் ஆட்சி எய்தியபின் அவர்தம் வலியுறுத்தலால் நெறி பிறழ்ந்தது என்பர். அக்கூற்று முழுதும் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

காட்சிச்சாலையைத் தோற்றுவித்தவர் மருத்துவர் அல்லர். கார்ல் ஆகஸ்ட் லிங்னர் என்னும் வணிகர். ராபர்ட் கோக் 1882-இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தபின், கிருமி பற்றிய அச்சம் நாடெங்கும் பரவியிருந்த காலத்தில், 'ஓடோல்' என்னும் வாய்கழுவும் நீர்மத்தை விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டியவர் அவர். ஒரு பொருளை மக்கள் நெஞ்சில் பதிய வைக்கும் முறையை விளம்பரத்தின்வழிக் கற்ற அவர், அம்முறையையே நோய்த்தடுப்பு அறிவைப் பரப்பவும் கையாண்டார். 1903-இல் மக்களிடைப் பரவும் நோய்களைப் பற்றித் தனிக்காட்சி ஒன்றை அமைத்தார். 1911-இல் அவர் முன்னின்று நடத்திய உலக உடல்நலப் பொருட்காட்சியை ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் கண்டனர். அடுத்த ஆண்டிலேயே நிலையான காட்சிச்சாலைக்கு அடிகோலப்பட்டது.

1911-ஆம் ஆண்டுக் காட்சியில் மக்களைப் பெரிதும் ஈர்த்தது 'மனிதன்' என்னும் பகுதி. லைப்சிக் நகர உடற்கூற்றறிஞர் வெர்னர் ஸ்பால்டெஹோல்ட்ஸ் உருவாக்கிய முறையால், உண்மையான உடலுறுப்புகளே ஒளி ஊடுருவும் தன்மை பெற்று அங்கு விளங்கின. உறுப்பினை வெளுப்பித்து, அதன்கண் உள்ள நீரை நீக்கி, திசுவைப்போன்றே ஒளியை விலக்கும் எண்ணெய்களில் அதனை இட்டு வைப்பர். ஒளி சிதறாமல் ஊடே செல்லுதலின் உள்ளமைப்பு தெளிவாகத் தோன்றும். கத்திகொண்டு அறுத்துக் காணவேண்டியவற்றை அறுக்காமலே காட்டியது இம்முறை. பல்லாண்டு பயின்ற மருத்துவ மாணவர்க்கே உரியதாயிருந்த காட்சி, நுழைவுச்சீட்டு வாங்கிய தொழிலாளிக்கும் கிட்டியது. இது சிறு செயலன்று.

வில்ஹெல்ம் கிரைஸ் வகுத்த புதிய கட்டடம் 1930-இல் திறக்கப்பெற்றபோது, அங்கு நின்றது பிரான்ஸ் சக்கெர்ட் அமைத்த 'கண்ணாடி மனிதன்'. பெயரில் கண்ணாடி இருப்பினும் பொருளிற் கண்ணாடி இல்லை. தோல் 'செல்லான்' என்னும் செயற்கைப் பொருளால் ஆயது. எலும்புக்கூடு அலுமினியம், நாளங்களும் நரம்புகளும் கம்பிகள். உறுப்புகள் ஒவ்வொன்றாய் விளக்கொளி பெற்று மறையும். இருகைகளையும் மேலே உயர்த்தி, வழிபடுவான்போல அவ்வுருவம் நின்றது. ஸ்பால்டெஹோல்ட்சின் உறுப்புகள் ஒருகாலத்து ஒருவர் உடலில் இருந்தவை. இவ்வுருவமோ நோயும் முதுமையும் வடுவும் அற்ற, எவருடையதும் அல்லாத உடல். இவ்வேறுபாட்டினைப் பலர் கருதியதாகத் தெரியவில்லை.

இனி முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். 1911-ஆம் ஆண்டுப் பொருட்காட்சியிலேயே 'இனத் தூய்மை' பற்றிய பகுதி ஒன்று இருந்தது. அதன் விளக்கநூலைப் பதிப்பித்தவர்கள் மாக்ஸ் பான் குரூபரும் எர்னஸ்ட் ரூடினும் ஆவர். 1933 சூலையில் இயற்றப்பட்டு, ஏறத்தாழ நான்கு இலட்சம் மக்களை வலிந்து மலடாக்கிய சட்டத்திற்கு உரைவகுத்தோருள் இந்த ரூடினும் ஒருவர். இருபத்திரண்டு ஆண்டு இடைவெளியில் ஆட்சி மாறிற்று, ஆள் மாறவில்லை. ஆகவே வெளியிலிருந்து வந்த கேடு என்று மட்டும் கூறி அமைதல் வரலாற்றுக்கு ஒவ்வாது.

காட்சிமுறையிலும் இத்தொடர்ச்சி உண்டு. குடிவழிப் படங்களில் வட்டமும் சதுரமும் கருமையாக்கப்பட்டு, குறைபாடு தலைமுறைதோறும் இறங்கி வருதல் காட்டப்பட்டது. வறுமை, வளர்ப்பு, மருத்துவர்தம் தவறான கணிப்பு ஆகியவற்றுக்கு அப்படத்தில் இடமில்லை. இதயம் காட்டப்பட்ட அதே தெளிவோடு ஐயத்துக்குரிய கோட்பாடும் காட்டப்படவே, பார்ப்போர் இரண்டனையும் ஒரு நிகராகக் கொண்டனர். முடிபு மட்டும் கண்முன் நின்றது. அம்முடிபுக்கு வந்த வழியும், அதனை மறுத்தோர் கூற்றும் காட்டப்படவில்லை. என் கருத்தில், தீங்கின் வேர் இதுவே.

டிரெஸ்டன் காட்சிச்சாலை உருவாக்கிய இனநலக் காட்சியொன்று 1934-இல் அமெரிக்கா சென்று, பல ஊர்களைக் கடந்து, இறுதியாகப் பபலோ நகர அறிவியற் காட்சிச்சாலையை அடைந்தது. கண்ணாடி மனிதன் ஒன்றையும் அதே காட்சிச்சாலை பெற்றிருந்தது. அவ்வுருவம் பின்னாளில் பெர்லின் நகரின் ஜெர்மானிய வரலாற்றுக் காட்சிச்சாலைக்கு அளிக்கப்பட்டது.

1945 பிப்ரவரிக் குண்டுவீச்சில் டிரெஸ்டன் கட்டடம் பெரிதும் சிதைந்தது. கிழக்கு ஜெர்மனியின் ஆட்சியில் அது மீண்டும் இயங்கிக் கண்ணாடி உருவங்களைத் தொடர்ந்து செய்து வந்தது. பசுவின் உருவமும் அவற்றுள் ஒன்று. வாசிங்டன் நகரின் யூதப் பேரழிவு நினைவுக் காட்சிச்சாலை, நாசி மருத்துவத்தின் கொடுமைகளை விளக்கி 2004-இல் அமைத்த காட்சி 2006-இல் டிரெஸ்டனுக்குக் கொணரப்பட்டது. இனக்கோட்பாடு பயிற்றப்பட்ட அதே கட்டடத்தில், அப்பயிற்சிக்குத் துணைநின்ற பொருள்களே சான்றுகளாய் வைக்கப்பட்டன.