யூரியா மின்வினையூக்கிகள்

நைட்ரேட்டையும் கரியமில வாயுவையும் சாதாரண வெப்பநிலையில், நீரிலேயே, மின்சாரத்தால் ஒடுக்கி யூரியாவாக இணைக்க உதவும் மின்முனைப் பொருள்கள். செம்பு, துத்தநாகம், இந்தியம் ஆகியவற்றைக் கொண்டவை அதிகம் ஆராயப்பட்டுள்ளன.

ஆய்வகத்தில் யூரியாவை 1828-இலேயே ஃப்ரெடரிக் வோலர் உருவாக்கிவிட்டார். ஆலைகளோ 1922-இல் போஷும் மைசரும் வகுத்த வழியையே இன்றும் பின்பற்றுகின்றன: அம்மோனியாவும் கரியமில வாயுவும் சுமார் 180 டிகிரி செல்சியசில், கடும் அழுத்தத்தில் சேர்கின்றன. அந்த அம்மோனியாவுக்கான ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ வருகிறது. மாசின் ஊற்றுக்கண் அதுதான்.

மின்வழியை முதலில் தேடியவர்கள் ஜப்பானியர். 1995-இல் ஷிபாட்டா, யோஷிடா, ஃபுருயா ஆகியோர் செம்பு ஏற்றிய வாயு ஊடுருவு மின்முனையில் நைட்ரேட், நைட்ரைட் அயனிகளைக் கரியமில வாயுவோடு ஒடுக்கி யூரியா பெற்றனர். பிறகு பல உலோகங்களைச் சோதித்தபோது துத்தநாகம் நன்றாகக் கைகொடுத்தது. அடிப்படை வேலை அப்போதே முடிந்திருந்தும், அடுத்த இருபது ஆண்டுகள் அதைப் பெரிதாக யாரும் சீண்டவில்லை.

2020-இல் சீனாவின் ஹூனான் பல்கலைக்கழகக் குழு, பல்லேடியம்-செம்பு நுண்துகள்களால் காற்றின் நைட்ரஜனையே நேரடியாக யூரியாவாக்கிக் காட்டியது. ஆனால் நைட்ரஜனின் முப்பிணைப்பை முறிக்க மோலுக்கு 941 கிலோஜூல் வேண்டும். செலவழிந்த மின்சாரத்தில் 9 விழுக்காடுகூட யூரியாவாகவில்லை. எளிதில் உடையும் நைட்ரேட்டின் பக்கம் கவனம் திரும்பியது. 2021-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் குய்ஹுவா யூவும் கூட்டாளிகளும் இந்தியம் ஹைட்ராக்சைடில் 53.4 விழுக்காட்டை எட்டினர்.

ஒரு யூரியா மூலக்கூறுக்கு 16 எலக்ட்ரான்கள் தேவை. வழியில் நைட்ரைட், அம்மோனியா, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் என்று திசைமாறப் பல கிளைகள் உண்டு. நைட்ரஜன் முழுதும் ஒடுங்கி அம்மோனியாவாகித் தப்பிப்பதற்குள் கார்பன் அதைப் பற்றிக்கொள்ள வேண்டும். இந்தியம் ஹைட்ராக்சைடுப் பரப்பின் சிறப்பு, அந்தப் பிணைப்பு அங்கே தொடக்கப் படியிலேயே நிகழ்வது. 2023-இல் டொராண்டோ குழு துத்தநாகத்துக்கும் செம்புக்கும் படிகளைப் பங்கிட்டுக் கொடுத்து, கழிவுநீரில் காணப்படும் அளவு நைட்ரேட்டிலேயே 75 விழுக்காட்டை அடைந்தது.

இத்துறையின் எண்களைச் சற்று ஐயத்தோடுதான் படிக்க வேண்டும். யூரியாவை நிறமாற்றத்தால் அளக்கும் வழக்கமான சோதனையை நைட்ரைட் குழப்பிவிடும். நைட்ரஜன்-15 ஐசோடோப்பு இட்டுச் சரிபார்க்காத முடிவுகளை ஏற்பதற்கில்லை.

நைட்ரேட் எங்கிருந்து வருகிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. கடையில் வாங்கும் நைட்ரேட் அம்மோனியாவை ஆக்சிஜனேற்றிப் பெறப்படுவது. அதைக் கொண்டு யூரியா செய்தால் பழைய ஆலையையே சுற்றி வந்ததாகும். ஆலைக் கழிவுநீரின் நைட்ரேட்டைப் பயன்படுத்தினால்தான் இம்முறைக்குப் பொருளுண்டு. அதிலும் நீர்த்த உப்புக் கரைசலிலிருந்து யூரியாவைப் பிரித்தெடுக்கும் செலவு தனி. உண்மையான கழிவுநீரில் மாதக்கணக்கில் ஓடித் தேறாத வினையூக்கி, அதன் விழுக்காடு எவ்வளவு உயர்ந்தாலும், உரத்தொழிலுக்கு உதவாது.