கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்த கண் லென்ஸ்

கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவரைத் தேனி, கம்பம் பக்கத்து ஊர்களில் ஒரு காலத்தில் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். மூக்கின்மேல் சோடாபுட்டிக் கண்ணாடி இருக்கும். புரை விழுந்த லென்ஸை எடுத்துவிட்டால், அதன் வேலையை வெளியே மாட்டும் தடித்த கண்ணாடிதான் செய்தாக வேண்டும். எதிரே இருப்பது பெரிதாகத் தெரியும். பக்கவாட்டில் வருவது தெரியாது. வரப்பில் நடக்கையில் கால் வைக்கும் இடம் கணக்குத் தப்பும். கண்ணாடி விழுந்து உடைந்தால், அடுத்தது வாங்கும்வரை மறுபடியும் இருட்டு.

இதற்கு மாற்று உலகில் இருக்கத்தான் செய்தது. இரண்டாம் உலகப் போரில் தாக்கப்பட்ட பிரிட்டிஷ் விமானங்களின் பிளாஸ்டிக் கூண்டு நொறுங்கி, விமானிகளின் கண்ணுக்குள் துணுக்குகள் தைத்தன. அவற்றால் கண் அழற்சி கொள்ளவில்லை என்பதைக் கவனித்தவர் லண்டன் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி. பி.எம்.எம்.ஏ. என்ற அக்ரிலிக் வகை அது. 1949 நவம்பர் 29 அன்று, அதில் செய்த லென்ஸை ரிட்லி ஒரு நோயாளியின் கண்ணில் வைத்தார். சக மருத்துவர்கள் பல ஆண்டுகள் அவரை எதிர்த்தார்கள். 1980களில் பணக்கார நாடுகளில் உள்விழி லென்ஸ் சாதாரணமாகிவிட்டது. விலைதான் நூறு டாலருக்கு மேல்.

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியிருந்தார். முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களால் ஆயிரக்கணக்கான ஆபரேஷன்கள் செய்தவர். கட்டணம் கொடுப்பவர்களிடம் வரும் பணத்தில் இல்லாதவர்களுக்கும் சிகிச்சை என்பது அவர் வகுத்த முறை. 1985-இல் தேனியில் 100 படுக்கைகளோடு ஒரு கிளை வந்தது. தேனி அப்போது மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. கண் ஆபரேஷனுக்கு மதுரைவரை பஸ் ஏற வேண்டிய கட்டாயம் பள்ளத்தாக்கு மக்களுக்குக் குறைந்தது.

ஆனால் லென்ஸ் கிடைத்தது காசு கொடுத்தவர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து நன்கொடையாக வந்த சிலவற்றைப் பெற்றவர்களுக்கும்தான். இலவசக் கண் முகாமிலிருந்து வந்தவர் சோடாபுட்டியோடு ஊர் திரும்பினார். ஏழை நாட்டுக்கு உள்விழி லென்ஸ் தேவையற்ற செலவு என்று சர்வதேச நிபுணர்கள் பலர் அப்போது சொன்னார்கள். வெயிலில் நின்று வேலை செய்கிறவருக்குத்தான் அது மற்றவர்களைவிட அதிகம் தேவைப்பட்டது என்பதை அந்தக் கணக்கு பார்க்கவே இல்லை.

லென்ஸை நாமே செய்தால் என்ன என்ற கேள்விக்குப் பதிலாக 1992-இல் மதுரையில் ஆரோலேப் பிறந்தது. அமெரிக்காவின் சேவா அறக்கட்டளையைச் சேர்ந்த டேவிட் கிரீன் தொழில்நுட்பத்தைத் தேடித் தந்தார். மருத்துவ அமைப்புகள் சில தோள்கொடுத்தன. லென்ஸ் செய்வது எளிய வேலையல்ல. சுமார் 6 மில்லிமீட்டர் அகலமுள்ள வில்லையை அக்ரிலிக்கில் கடைந்தெடுக்க வேண்டும். கண்ணுக்குள் நகராமல் பிடித்துக்கொள்ள இருபுறமும் மயிரிழை போன்ற வளைவுகள் அமைய வேண்டும். பல மணி நேரம் உருட்டி மெருகேற்றி, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்து, கீறல் இருந்தால் தள்ளிவிட்டு, நல்லதை வாயுவால் கிருமி நீக்கிப் பொதிய வேண்டும். தூசி புகாத அறைகளில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பை முடித்து வந்த இளம்பெண்கள். இந்த வரலாற்றில் அவர்களுக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

முதலில் பத்து டாலர் அளவில் விற்ற லென்ஸ், பிறகு அதற்கும் கீழே இறங்கியது. இலவசப் பிரிவு நோயாளிக்கும் லென்ஸ் வைக்க முடிந்தது. தெருவில் சோடாபுட்டிக் கண்ணாடிகள் மெல்லக் குறைந்தன.

1998-இல் அறுவைத் தையல் இழை, பிறகு கண் சொட்டு மருந்து, கத்தி, மடிக்கக்கூடிய லென்ஸ் என்று ஆரோலேப் விரிந்தது. இன்று மதுரையை அடுத்த வீரபாஞ்சானில் அதன் ஆலை இயங்குகிறது. நூறுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சரக்கு போகிறது.

தேனியும் சும்மா இருக்கவில்லை. 2000களின் நடுவில், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகமும் இன்டெலும் உருவாக்கிய நெடுந்தூர வைஃபை, தேனி மருத்துவமனையைச் சுற்றுவட்டாரத்துச் சிறு கண் மையங்களோடு இணைத்தது. மையத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளியைத் தேனியிலிருக்கும் டாக்டர் திரையில் பார்த்துப் பேசினார். கண்ணாடி போதும் என்றால் அங்கேயே கொடுத்தார்கள். புரை என்றால் தேனிக்கு வரச் சொல்லி, லென்ஸ் வைத்து அனுப்பினார்கள்.