ஆள் இல்லாதவருக்கு ஓய்வூதியம், ஆள் உள்ளவருக்கு வீடு

1957ஆம் ஆண்டு உத்தரப் பிரதேச அரசு, இந்திய மாநிலங்களிலேயே முதன்முறையாக, முதியோருக்கு மாதந்தோறும் உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. அதைப் பெற முதன்மையான நிபந்தனைகள் இரண்டு. வயது 70ஐக் கடந்திருக்க வேண்டும். வருவாயோ, காப்பாற்றக் கடமைப்பட்ட உறவினரோ இருக்கக் கூடாது. முதல் நிபந்தனை பிற்காலத்தில் 65, 60 என்று இறங்கிவந்தது. இரண்டாவது அவ்வளவு எளிதில் இறங்கவில்லை. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இந்திய அரசு செய்த உதவியின் வரலாறு பெருமளவுக்கு அந்த இரண்டாவது நிபந்தனையின் வரலாறுதான்.

ஓய்வூதியம் என்ற ஏற்பாடு நாட்டுக்குப் புதிதல்ல. 1871ஆம் ஆண்டிலேயே அதற்கெனச் சட்டம் இருந்தது. ஆனால் அது அரசுக்குச் செய்த சேவைக்கான கைம்மாறு, அல்லது அரசின் கொடை. 1952இல் வந்த வருங்கால வைப்பு நிதிச் சட்டம் ஆலைத் தொழிலாளியைக் கணக்கில் எடுத்தது. வயலிலும் சுமையிலும் காலம் கழித்தவருக்கு எஞ்சியது அரசமைப்புச் சட்டத்தின் 41ஆவது கூறு மட்டுமே. முதுமை, நோய், உடற்குறை ஆகியவற்றின்போது பொது உதவி பெறும் உரிமைக்கு அரசு வகைசெய்ய வேண்டும் என்கிறது அது. கூடவே 'பொருளாதாரத் திறனுக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு' என்ற வேலியையும் போட்டுவைத்திருக்கிறது. நெறிமுறைக் கோட்பாடு என்பதால் நீதிமன்றத்தில் நேரடியாகக் கேட்டுப் பெறவும் இயலாது.

1960களில் கேரளம், ஆந்திரம் முதலிய மாநிலங்கள் உத்தரப் பிரதேசத்தைத் தொடர்ந்தன. சென்னை மாநிலத்தில் 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. பின்னர் 1974இல் மாற்றுத்திறனாளிகளுக்கும் 1975இல் கைம்பெண்களுக்கும் தமிழ்நாட்டில் தனித்தனித் திட்டங்கள் வந்தன. இவற்றின் பெயர்களில் 'ஆதரவற்ற' என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டிருந்ததைக் கவனிக்க வேண்டும். அது இரக்கச் சொல் அல்ல. வருவாய்த் துறை சரிபார்த்துச் சான்றளிக்க வேண்டிய தகுதி. வயதுவந்த மகன் இருக்கிறான் என்பதே விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்யப் பல மாநிலங்களில் போதுமான காரணமாயிற்று. அந்த மகன் சோறு போடுகிறானா என்பது விசாரணைக்கு வெளியே நின்றது. கிழவி உயிரோடு இருக்கிறாள் என்பதைவிட அவளுக்கு யாரும் இல்லை என்பதை மெய்ப்பிப்பது கடினமாக இருந்தது.

ஒன்றிய அரசு இந்தக் களத்துக்கு வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, தேசிய சமூக உதவித் திட்டத்தின் வழியாக. 65 வயது நிறைந்த ஆதரவற்றோருக்கு மாதம் 75 ரூபாய். அதுவும் பலருக்கு மாதக்கணக்கில் வந்து சேரவில்லை. 2001 நவம்பர் 28 அன்று, உணவு உரிமை வழக்கில், ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதிக்குள் ஓய்வூதியத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. 2006இல் தொகை 200 ரூபாய் ஆயிற்று. 60 முதல் 79 வயது வரையிலானோருக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு, அதற்குப் பின் வந்த அத்தனை ஆட்சிகளையும் விலைவாசிகளையும் கடந்து, அதே 200 ரூபாயில் நிற்கிறது.

2007ஆம் ஆண்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அவ்வாண்டு நவம்பர் 19 அன்று முதியோர் ஓய்வூதியம் இந்திரா காந்தியின் பெயரில் மறுவடிவம் பெற்றது. ஆதரவற்றவர் என்ற அளவுகோல் நீங்கி, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பது போதுமானதாயிற்று. ஐம்பது ஆண்டுக்கால நிபந்தனை, ஒன்றியத் திட்டத்தின் விதிகளிலாவது, கைவிடப்பட்டது. சரியாக 40 நாட்கள் கழித்து, டிசம்பர் 29 அன்று, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். பெற்றோரைப் பேணும் கடமை பிள்ளைகள்மீது சட்டப்படி சுமத்தப்பட்டது, தவறினால் தீர்ப்பாயம். ஒரு கையால் விட்ட குடும்பத்தை மறு கையால் பிடித்துக்கொண்டது அரசு. பிள்ளைகளின் கடமைக்கு உறுதியான சொற்களைப் பயன்படுத்திய அதே சட்டம், அரசின் கடமைக்கு வந்தபோது தணிந்துவிடுகிறது. மாவட்டத்துக்கு ஒன்று என்ற அளவிலாவது தொடங்கி, குறைந்தது 150 வறிய முதியோர் தங்கும் இல்லங்களை மாநில அரசு 'அமைக்கலாம்' என்கிறது 19ஆவது பிரிவு. அமைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. 11 ஆண்டுகள் கழித்து, 2018 டிசம்பரில், அஸ்வனி குமார் வழக்கில் மாவட்டவாரியாக எத்தனை முதியோர் இல்லங்கள் உள்ளன என்ற விவரத்தைத் திரட்டுமாறு உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசைப் பணித்தது.

மாற்றுத்திறனாளிகளின் கதையில் குடும்பத்தின் இடத்தைச் சதவீதம் பிடித்துக்கொண்டது. 2009இல் தொடங்கிய ஒன்றிய அரசின் ஓய்வூதியம் 80 விழுக்காடு குறைபாட்டைக் கேட்கிறது. தொகை இப்போது 300 ரூபாய். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ 40 விழுக்காட்டையே வரையறையாகக் கொள்கிறது. 60 விழுக்காடு குறைபாடு உள்ளவர் ஒரு சட்டத்தின்படி உரிமை உள்ளவர், ஒரு திட்டத்தின்படி தகுதி இல்லாதவர். பிறருக்கான ஒத்த திட்டங்களைவிட 25 விழுக்காடு கூடுதலாக உதவி தர வேண்டும் என்று 24ஆவது பிரிவு சொல்கிறது. அதே பிரிவின் தொடக்கத்தில் 'பொருளாதாரத் திறனுக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு' என்ற பழைய வேலி சொல் மாறாமல் வந்து அமர்ந்திருக்கிறது.

இனி வீடு. 1985–86இல் தொடங்கிய இந்திரா ஆவாஸ் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு 3 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. 1999இன் தேசிய முதியோர் கொள்கை, ஏழைகளுக்கான வீட்டுத் திட்டங்களில் 10 விழுக்காட்டை முதியோருக்கு ஒதுக்கச் சொன்னது; அது கொள்கை, சட்டமல்ல. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 37ஆவது பிரிவு மாற்றுத்திறனாளிகளுக்கு 5 விழுக்காட்டை, பெண்களுக்கு முன்னுரிமையோடு, சட்டமாகவே ஆக்கிற்று.

ஒதுக்கீட்டைவிட வீடு கட்டும் முறைதான் முக்கியம். ஊரகப் பகுதிக்கான பிரதமர் வீட்டு வசதித் திட்டம் வீட்டைத் தருவதில்லை, சமவெளியில் 1.20 லட்சம், மலைப்பகுதியில் 1.30 லட்சம் ரூபாயைத் தவணைகளில் தருகிறது. கட்ட வேண்டியவர் பயனாளி. முதலில் மனை வேண்டும். பிறகு செங்கல்லுக்கு அலைய, கொத்தனாரிடம் பேரம் பேச, ஒவ்வொரு கட்டமும் முடிந்ததைக் காட்டி அடுத்த தவணையைக் கேட்க ஆள் வேண்டும். பயனாளிகளைத் தேர்ந்தெடுக்கப் பயன்பட்ட 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்போ, 16 முதல் 59 வயது வரையிலான ஒருவரும் இல்லாத குடும்பத்தையும், மாற்றுத்திறனாளி இருந்து உடல் வலுவுள்ள பெரியவர் இல்லாத குடும்பத்தையும் நலிவுற்றவை என்று குறித்துக்கொண்டது. கட்ட ஆளில்லாதவர் என்று அரசே அடையாளம் கண்டவரிடம்தான் கட்டும் பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டது.

வழிகாட்டு நெறிகளை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. முதியவரோ மாற்றுத்திறனாளியோ தாமாகக் கட்ட இயலாவிட்டால், அவருடைய வீட்டைக் கொத்தனார் பயிற்சித் திட்டத்தின் ஒரு பகுதியாக எடுத்துக் கட்டலாம் என்று அதில் ஒரு குறிப்பு உண்டு. தொழில் பழகுவோர் கையால் எழும் வீடு என்றாலும் நல்ல யோசனைதான். பயிற்சி நடக்கும் வட்டாரத்தில், பயிற்சி நடக்கும் ஆண்டில், அவருக்கு ஒரு துண்டு மனையும் சொந்தமாக இருந்தால் அது நடக்கும்.