மழாலிம் மன்றமும் கல்வராயன் மலையும்

ஆளுவோர் நெறி தவறினால் அவர்களைக் கேட்பது யார்? அரசு என்ற ஒன்றை மனிதன் அமைத்துக்கொண்ட நாளிலேயே இவ்வினாவும் பிறந்துவிட்டது. அண்டை நிலத்தான் வரப்பை வெட்டினால் ஊர்ப் பெரியவரிடம் போகலாம். கடன் பெற்றவன் மறுத்தால் காழியிடம் போகலாம். வரி தண்டுகிறவனே வரம்பு மீறினால், காவல் காப்பவனே கதவை உடைத்தால், எங்கே போவது?

இவ்வினாவுக்கு விடையாக இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் வகுத்துவைத்த முறைக்கு 'மழாலிம்' என்று பெயர். 'ழுல்ம்' என்னும் அரபுச் சொல்லின் அடியாகப் பிறந்தது அது. இழைக்கப்பட்ட அநீதிகள் என்பது பொருள். அந்த ஏட்டறிவை, தியாகதுருகத்திலிருந்து மேற்கே சென்றால் எதிர்ப்படும் கல்வராயன் மலையின் வரலாற்றோடு வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அறிஞர்கள் வகுத்த முறை

கலீஃபா ஹாரூன் ரஷீதின் தலைமைக் காழியாக விளங்கிய இமாம் அபூயூஸுஃப் (இறப்பு ஹிஜ்ரி 182, கி.பி. 798), அவருக்காகவே 'கிதாபுல் கராஜ்' என்னும் நூலை எழுதினார். அது வரி இயல் பற்றிய நூல். ஆயினும், எவ்வளவு தண்டலாம் என்பதோடு நில்லாமல், எவ்வாறு தண்டக்கூடாது என்பதையும் அது விரித்துரைக்கிறது. வரி நிலுவைக்காகக் குடிகளை அடிப்பதையும் வெயிலில் நிறுத்துவதையும் இமாம் அவர்கள் கண்டித்தார்கள். மாதத்திற்கு ஒரு முறையோ இரு மாதத்திற்கு ஒரு முறையோ கலீஃபாவே அமர்ந்து குடிகளின் முறையீட்டைக் கேட்க வேண்டும் என்றும், அச்செய்தி தொலைவிலுள்ள அதிகாரிகளை எட்டினாலே அவர்களுடைய கை அடங்கும் என்றும் அறிவுறுத்தினார்கள்.

அவருக்கு ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு பிற்பட்ட இமாம் மாவர்தீ (இறப்பு ஹிஜ்ரி 450, கி.பி. 1058), 'அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா' என்னும் தம் அரசியல் நூலில் மழாலிமுக்குத் தனி இயலே ஒதுக்கினார். மழாலிம் மன்றத்தின் பொறுப்புகளாக அவர் பத்தினை எண்ணுகிறார். அவற்றுள் முதலாவது, ஆளுநர்கள் குடிகள் மீது செய்யும் அத்துமீறலை விசாரிப்பதாகும். இதற்கு வழக்காளி ஒருவர் வந்து நிற்க வேண்டும் என்பதில்லை. மன்றமே தானாகத் தேடி அறிதல் வேண்டும் என்பது அவர் முடிபு. சாதாரணக் காழி, வாதியும் பிரதிவாதியும் எதிரே வந்த பின்னரே வாய் திறப்பார். அதிகாரம் உடையவன் அநீதி செய்யும்போதோ வாதியின் வாயே அடைபட்டிருக்கும். இந்த நுட்பத்தை மாவர்தீ உணர்ந்திருந்தார்.

இம்முறையின் குறையையும் மறைக்க வேண்டியதில்லை. மழாலிம் மன்றத்தில் பெரும்பாலும் அமர்ந்தவர் மன்னரே, அல்லது அவரால் அமர்த்தப்பட்டவரே. நல்ல மன்னர் அமர்ந்தபோது நீதி கிடைத்தது. தீயவர் அமர்ந்தபோது மன்றமே மூடிக்கிடந்தது. மன்னரையே விசாரிக்கும் வழி அங்கே உறுதியாக அமையவில்லை. கருத்து உயர்ந்ததாக இருந்தும், அதைத் தாங்கி நிற்கும் தூண் ஆட்சியாளரின் மனச்சாட்சி ஒன்றாகவே இருந்துவிட்டது.

கோட்டையும் மலையும்

தியாகதுருகத்து மலைக்கோட்டை, சேலத்திற்கும் கீழைக் கடற்கரைக்கும் இடைப்பட்ட வழியைக் காத்து நின்ற கோட்டை. 18ஆம் நூற்றாண்டின் கர்நாடகப் போர்களில் அது பலமுறை கைமாறிற்று. 1760இல் பிரெஞ்சுத் தளபதி லாலி ஹைதர் அலியோடு செய்த உடன்பாட்டின்படி மைசூர்ப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. 1761இன் தொடக்கத்தில் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1790இல் திப்பு சுல்தானின் படை வந்தபோது கேப்டன் ஃபிளின்ட் என்பவர் அதைக் காத்து நின்றார். வரலாற்று நூல்கள் இவற்றையெல்லாம் விரிவாகப் பேசுகின்றன.

கோட்டைக்கு மேற்கே விரிந்துள்ள கல்வராயன் மலையைப் பற்றியோ அந்நூல்களில் பேச்சு குறைவு. கீழே கொடிகள் மாறிக்கொண்டிருந்த காலத்தில் மேலே ஆட்சி மாறவே இல்லை. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் எனும் மூன்று வழியினர் ஜாகீர்தார்களாக அம்மலையை ஆண்டுவந்தனர். விஜயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் காலந்தொட்டு வந்த உரிமை அது என்பது மரபு. 'ஜா' என்றால் இடம், 'கீர்' என்றால் பிடிப்பவர். இப்பாரசீகச் சொல்லின் பொருளே அம்மலை மக்களின் நிலையைச் சொல்லிவிடுகிறது. இடத்தைப் பிடித்தவர் ஒருவர். அவ்விடத்தில் உழைத்தவர் வேறொருவர்.

மலையில் வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரால் மயங்க வேண்டாம். மலையை ஆளுவோர் என்ற பொருளில் அமைந்த பெயர் அது. கேரளத்தோடு தொடர்புடையதன்று. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் என்று அவர்கள் சொல்லிக்கொள்வர். தினையும் சாமையும் விளைவித்து, தேனும் கடுக்காயும் எடுத்து வாழ்ந்த இம்மக்கள், ஜாகீர்தாருக்குக் கூலியில்லா வேலை செய்யக் கடமைப்பட்டவர்களாக இருந்தனர். அவர்களுடைய முறையீட்டைக் கேட்கும் மன்றம் மலையில் இல்லை. மலைக்குக் கீழே இருந்த மன்றத்திற்கு வர வழியும் இல்லை.

1976ஆம் ஆண்டு

1947இல் நாடு விடுதலை பெற்றது. 1950இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆனால் கல்வராயன் மலையில் ஜாகீர் முறை முற்றாக முடிவுற்றது 1976ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் என்றும், அதன் பின்னும் 1996 வரை அம்மக்களுக்கு வாக்குரிமை கிட்டவில்லை என்றும், 2024இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நடைபெற்ற வழக்கில் எடுத்துரைக்கப்பட்டது. அவ்வழக்கைப் பின்னர்க் காண்போம்.

1976 என்னும் ஆண்டைச் சற்று நின்று நோக்குதல் தகும். அது நெருக்கடி நிலைக் காலம். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் அவ்வாண்டில்தான் நிறைவேறியது. சுற்றுச்சூழலையும் காடுகளையும் வனவிலங்குகளையும் காப்பது அரசின் கடமை என்று அரசியல் சட்டத்தில் சேர்த்த 42ஆவது திருத்தமும் அவ்வாண்டினதே. அதே ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டவர் நெருக்கடி நிலையின்போது ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றத்தை அணுக முடியாது என்று உச்சநீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பு பிழையானது என உச்சநீதிமன்றமே 2017இல் அறிவித்தது.

ஆக, ஒரே ஆண்டில் மலைமகனின் தளை அறுந்தது. நாட்டு மக்கள் அனைவருக்கும் நீதிமன்றக் கதவு சாத்தப்பட்டது. இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? கேள்விக்கு அப்பாற்பட்ட அரசும் சிலபோது நன்மை செய்யக்கூடும். ஆனால் அவ்வாறு வந்த நன்மை கொடையாகவே நின்றுவிடும். உரிமையாக வேர் பிடிப்பதற்கு, கேட்டுப் பெறும் வழி திறந்திருக்க வேண்டும். ஜாகீர் போன பின்பும் இருபது ஆண்டுகள் வாக்குச்சீட்டு மலையேறவில்லை என்றால், அதைக் கேட்பதற்கு அம்மக்களுக்கு ஒரு வாயில் இல்லை என்பதுதானே காரணம்?

காடு யாருக்கு?

ஜாகீர்தாருக்கு அடுத்தபடி மலைமக்கள் அஞ்சியது வனத்துறையை. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம், காடுகளைக் காப்புக்காடுகளாக அறிவிக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. காடு காக்கப்பட வேண்டியதே. கல்வராயனில் பெய்யும் மழைதான் கோமுகியாகவும் மணிமுத்தாறாகவும் இறங்கிக் கள்ளக்குறிச்சி வட்டாரத்து வயல்களை நனைக்கிறது. மலை மொட்டையானால் சமவெளி வறண்டுபோகும். ஆனால் காட்டைக் காப்பதாகச் சொல்லி, காட்டோடு பிறந்தவனைக் குற்றவாளியாக்குவது முறையாகுமா?

இவ்விடத்தில் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் செயல் ஒன்று நினைவுகூரத் தக்கது. பொது நன்மைக்காக ஒதுக்கிக் காக்கப்படும் மேய்ச்சல் நிலத்தை அரபியில் 'ஹிமா' என்பர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு அருகே நகீஃ என்னுமிடத்தை அவ்வாறு ஒதுக்கினார்கள். உமர் (ரலி) அவர்கள் ரபதா முதலிய இடங்களை ஒதுக்கினார்கள். அதன் காவலராக ஹுனய் என்பவரை அமர்த்தியபோது அவர்கள் கூறிய அறிவுரை ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அநீதிக்கு ஆளானவனின் பிரார்த்தனைக்கு அஞ்சிக்கொள்ளுமாறு முதலில் எச்சரித்தார்கள். சில ஒட்டகங்களும் சில ஆடுகளுமே உடையவனை உள்ளே விடுமாறும், செல்வர்களான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), உஸ்மான் இப்னு அஃப்பான் (ரலி) ஆகியோரின் மந்தைகளை விலக்குமாறும் பணித்தார்கள். செல்வரின் கால்நடை மடிந்தால் அவருக்குத் தோட்டமும் வயலும் உண்டு; ஏழையின் கால்நடை மடிந்தால் அவன் பிள்ளைகளோடு வந்து தம்மிடமே நிற்பான்; பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிடப் புல்லும் நீரும் கொடுப்பது தமக்கு எளிது என்று காரணமும் சொன்னார்கள். அந்நிலம் அம்மக்களின் சொந்த ஊர் என்பதையும், தாம் அதை ஒதுக்கியதால் தங்களுக்கு அநீதி செய்துவிட்டதாக அவர்கள் எண்ணுகிறார்கள் என்பதையும் ஒளிவின்றி ஒப்புக்கொண்டார்கள்.

காப்பதும் வேண்டும், காப்பதன் சுமை எளியவன் தலையில் விழவும் கூடாது. இந்தியாவில் இக்கருத்து சட்ட வடிவம் பெற 2006 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் பழங்குடியினரும் மரபுவழிக் குடியினரும் பயிரிட்டுவரும் நிலத்தின் மீதும் காட்டின் விளைபொருள் மீதும் அவர்களுக்குள்ள உரிமையை ஏற்றது. ஆயினும் தமிழ்நாட்டில் 2008இல் பிறப்பிக்கப்பட்ட நீதிமன்ற ஆணையால் உரிமைப் பட்டயம் வழங்குவது தடைபட்டு, 2016இல்தான் அத்தடை நீங்கிற்று.

வாச்சாத்தி

கல்வராயனுக்கு மேற்கே சித்தேரி மலை. அதன் அடிவாரத்தில், தருமபுரி மாவட்டத்தில் உள்ளது வாச்சாத்தி. அங்கு வாழ்வோரும் மலையாளிப் பழங்குடியினரே. 1992 ஜூன் 20ஆம் நாள், சந்தனக் கட்டை பதுக்கியிருப்பதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகிய மூன்று துறையினரும் அவ்வூருக்குள் புகுந்தனர். மக்கள் ஆலமரத்தடியில் திரட்டி அடிக்கப்பட்டனர். வீடுகள் இடிக்கப்பட்டன, தானியமும் கிணற்று நீரும் பாழாக்கப்பட்டன. பதினெட்டுப் பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் சிறையில் அடைக்கப்பட்டனர்.

தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினர் ஊருக்குச் சென்று உண்மையை வெளிக்கொணர்ந்தனர். மார்க்சிஸ்ட் கட்சியின் அந்நாளைய மாநிலச் செயலாளர் அ. நல்லசிவன் உச்சநீதிமன்றத்தை அணுக, அது உயர்நீதிமன்றத்திற்கு வந்தது. மனு முதலில் ஏற்கப்படவில்லை. பொறுப்புள்ள அதிகாரிகள் இத்தகைய செயல் புரிந்திருப்பர் என நம்ப இயலாது என்பதே அன்று சொல்லப்பட்ட காரணம். பதவியின் மதிப்பே பதவியில் இருப்பவருக்குச் சாட்சியாகிவிட்டது! மழாலிம் என்னும் தனி மன்றத்தை அறிஞர்கள் வகுத்ததே இந்தத் தடையை உடைப்பதற்காகத்தான்.

எனினும் முறையீட்டாளர்கள் ஓயவில்லை. 1995இல் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணைக்கு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. குற்றஞ்சாட்டப்பட்டோர் 269 பேர். 2011 செப்டம்பர் 29ஆம் நாள், அதற்குள் இறந்துபோன 54 பேர் நீங்கலாக எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களுள் 126 பேர் வனத்துறையினர், 84 பேர் காவல்துறையினர், 5 பேர் வருவாய்த்துறையினர். மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன் அவ்வூருக்கே நேரில் சென்று பார்த்தார். 2023 செப்டம்பர் 29ஆம் நாள் தண்டனையை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்கவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்தே பெறவும், அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், வன அலுவலர் ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்கவும் ஆணையிட்டார். நீதி கிடைக்க முப்பத்தோராண்டு ஆயிற்று. அன்று சிறுமியாய் இருந்தவள் இன்று நடுவயதைக் கடந்துவிட்டாள்.

வழக்காளி இல்லாத வழக்கு

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அருந்தி 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மது விலக்கப்பட்ட சமுதாயத்தினர் நாம் என்று கூறி ஒதுங்கிவிடக்கூடிய நிகழ்ச்சியன்று அது. மாண்டவர் நம் மாவட்டத்தார். விதவையானவர் நம் அண்டைவீட்டார். அவ்வாண்டு நவம்பர் 20ஆம் நாள் உயர்நீதிமன்றம் அவ்வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது.

கல்வராயன் மலையில் சாராயம் காய்ச்சப்படுகிறது என்ற பேச்சு அப்போது எங்கும் எழுந்தது. உயிர் குடித்த மெத்தனாலோ மலையில் விளைவதன்று. தொழிற்சாலைத் தேவைக்காகச் செய்யப்படும் நஞ்சு அது. பழி மலையேறிற்று. அதனோடு ஒரு நன்மையும் நிகழ்ந்தது. நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் ஆகியோர் அம்மலைமக்களின் வாழ்நிலை குறித்த வழக்கைத் தாமாகவே முன்வந்து எடுத்துக்கொண்டனர். சாலை உண்டா, மருத்துவமனை உண்டா, பள்ளி உண்டா, குடும்ப அட்டை உண்டா என அரசிடம் கணக்குக் கேட்டனர். ஜாகீர் வரலாறும் வாக்குரிமை வரலாறும் நாட்டின் காதில் விழுந்தது இவ்வழக்கால்தான்.

வழக்காளி வராமலே அத்துமீறலைத் தேடி அறிக என்று ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பக்தாதில் மாவர்தீ எழுதியது, கல்வராயன் மலை விஷயத்தில் சென்னை நீதிமன்றத்தில் நிறைவேறக் கண்டோம். ஒரு வேறுபாடும் உண்டு. அன்றைய மழாலிம் மன்னரின் நல்லெண்ணத்தில் தொங்கியது. இன்றைய உயர்நீதிமன்றம் அரசியல் சட்டத்தின் 226ஆம் பிரிவில் நிற்கிறது. அமைச்சரவை மாறினாலும் அப்பிரிவு மாறுவதில்லை. முன்னோர் தேடிய தூண் இதுவே.

ஆயினும் தூண் மட்டும் வீடாகிவிடாது. வாச்சாத்தியில் நீதி பிறந்தது, அவ்வூர்ப் பெண்கள் பல்லாண்டுகள் கூண்டேறிச் சாட்சி சொன்னதால். படித்தவர் சிலர் அவர்களுக்காக மனு எழுதியதால். சாட்சியை மறைப்பது பாவம் என்றும், தமக்கும் தம் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிரானதாயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்க வேண்டும் என்றும் திருமறை நமக்கு விதித்துள்ளது. அந்த விதியில் மலைமகனுக்கு விலக்கில்லை, அதிகாரிக்கும் விலக்கில்லை. கல்வராயனிலிருந்து புளியும் தேனும் தலைச்சுமையாக நம் கடைத்தெருவுக்கு வருகின்றன. அவற்றைக் கொணரும் மனிதனுக்கு நிலப்பட்டா உண்டா, அவன் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் உண்டா என்று கேட்பதும், இல்லையெனில் ஒரு மனு எழுதிக் கொடுப்பதும் எழுத்தறிந்த எந்தக் குடும்பத்தாலும் இயலும். எடையில் குறையாமல் நிறுத்து வாங்குவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை.