பாழடைந்த ஓய்வு விடுதிகள்: எதன் இடிபாடுகள்?

சோவியத் ஒன்றியத்திலும் யூகோஸ்லாவியாவிலும் எழுப்பப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட விடுதிகளைத் தேடிச் சென்று படமெடுப்பது இன்று தனிவகைச் சுற்றுலாவாகவே வளர்ந்துவிட்டது. அந்தப் படங்களோடு பெரும்பாலும் ஒரு தீர்ப்பும் ஒட்டிக்கொண்டு வருகிறது: இவை சோஷலிசத்தின் தோல்விச் சின்னங்கள். கால வரிசையை வைத்துப் பார்த்தால் இத்தீர்ப்பு நிற்காது. இக்கட்டடங்களைச் சிதைத்தவை, அந்த அமைப்பு குலைந்தபோதும் அதற்குப் பின்னும் வந்த போர், இடப்பெயர்வு, பராமரிப்பின்மை ஆகியவையே என்பது இக்கட்டுரையின் வாதம்.

1936ஆம் ஆண்டு சோவியத் அரசியல் சட்டத்தின் 119ஆம் பிரிவு, ஓய்வைக் குடிமக்களின் உரிமையாக அறிவித்தது. ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பும் சானடோரியங்கள் எனப்படும் சிகிச்சை ஓய்வு விடுதிகளும் அவ்வுரிமையை நடைமுறைப்படுத்தும் வழிகளாகக் குறிக்கப்பட்டன. ஜார்ஜியாவின் த்ஸ்கால்ட்டுபோ அவ்வாறு வளர்ந்த ஊர்களில் ஒன்று. அங்கு ஊறும் ரேடான் கலந்த நீர் ஏறக்குறைய 33 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வருவதால் தனியே சூடாக்கத் தேவையில்லை. தொழிற்சங்கங்கள் வழங்கிய அனுமதிச் சீட்டுடன் தொழிலாளர்கள் வந்து தங்கிச் சிகிச்சை பெற்றனர்.

1991இல் ஒன்றியம் கலைந்ததும் அந்த வரத்து நின்றது. 1992–93இல் ஜார்ஜியாவின் அப்காசியப் பகுதியில் நடந்த போரில் வீடிழந்த ஆயிரக்கணக்கான ஜார்ஜியர்கள் காலியான சானடோரியங்களில் குடியமர்த்தப்பட்டனர். சில வாரத் தங்கலுக்கென அமைந்த அறைகளில் குடும்பங்கள் பல்லாண்டுகள் வாழ்ந்தன. பலகையால் அடைக்கப்பட்ட மாடங்கள், சன்னல் வழியே வெளியே நீட்டப்பட்ட அடுப்புப் புகைக்குழாய், தூண்களுக்கிடையே கட்டிய துணிக்கொடி ஆகியவை அவ்வாழ்வின் தடயங்கள். இவற்றை வெறும் சிதைவாகக் காண்பவர், அகதிகளின் வரலாற்றையே படத்திலிருந்து வெட்டிவிடுகிறார்.

குரோஷியாவில் துப்ரோவ்னிக் அருகே உள்ள குபாரி இன்னும் தெளிவான சான்று. அது யூகோஸ்லாவிய மக்கள் படையினருக்கும் அவர்களது குடும்பத்தினருக்கும் ஒதுக்கப்பட்ட கடற்கரை ஓய்விடம். கட்டடக் கலைஞர் தாவித் ஃபின்சி வடிவமைத்த பெலெக்ரின் விடுதி 1960களில் அங்கு எழுந்தது. 1991 இலையுதிர்காலத்தில் துப்ரோவ்னிக்கைத் தாக்கியது அதே படை. தன் ஓய்விடத்தையும் அது விட்டுவைக்கவில்லை. குண்டுவீச்சும் கொள்ளையும் விடுதிகளைப் பாழாக்கின.

சோஷலிச அரசுகளுக்கு இதில் பொறுப்பே இல்லையா என்ற கேள்வி நியாயமானது. த்ஸ்கால்ட்டுபோ அனுமதிச் சீட்டு முறையையே முழுக்கச் சார்ந்திருந்தது. அம்முறை முறிந்தபோது தாங்கிப் பிடிக்க வேறு வருவாய் இல்லை. குபாரியோ பொதுமக்களுக்கென அமைந்ததன்று. உரிமையென்று அறிவிக்கப்பட்ட ஓய்வு நடைமுறையில் சமமாகப் பங்கிடப்படவில்லை. ஆயினும் ஸ்டாலினுக்கென அமைந்த ஆறாம் எண் குளியலகம் த்ஸ்கால்ட்டுபோவில் இன்றும் சிகிச்சைக்குப் பயன்படுகிறது. ஊற்றும் வற்றவில்லை, கட்டடமும் பயனற்றுப் போகவில்லை. பராமரிப்பும் நிதியும் தொடர்ந்த இடம் நிலைத்திருக்கிறது.

எனவே இவ்விடங்களை ஆராயச் செல்வோர் கட்டிய ஆண்டோடு நின்றுவிடலாகாது. எந்த ஆண்டில் மூடப்பட்டது, பிறகு யார் கைக்குப் போனது, இடையில் யார் குடியிருந்தனர் என்பவற்றையும் சேர்த்துப் பதிய வேண்டும். அங்கு வாழ்ந்தோர் இருக்கும்போதே அவர்களது வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டுவது வரலாற்றாய்வின் உடனடிக் கடமை.