ஒரு நகரம், மூன்று பயணச்சீட்டுகள்

கடையத்தில் பஸ் ஏறித் தென்காசியில் இறங்குகிறோம். அந்த வண்டியை நடத்துவது யார் என்று நாம் கேட்பதில்லை. தென்காசியில் ரயில் ஏறி மறுநாள் காலை சென்னையில் இறங்கிப் பாருங்கள். அந்தக் கேள்வி நம் சட்டைப் பைக்கே வந்துவிடும். ரயில் சீட்டு மெட்ரோவில் செல்லாது, மெட்ரோ சீட்டு பஸ்ஸில் செல்லாது என்ற நிலை அங்கே பல ஆண்டுகள் இருந்தது. இதன் வரலாறு சுவையானது.

இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895-ஆம் ஆண்டு மே 7-இல் சென்னையில்தான் ஓடியது. தண்டவாளங்களுக்கு நடுவே, தரைக்கடியில் அமைந்த பள்ளத்தின் வழியாக மின்சாரம் வந்தது. மழைநீர் புகுந்து தொல்லை கொடுக்கவே, பின்னர் தலைக்கு மேலே கம்பி கட்டினார்கள். நடத்தியது தனியார் கம்பெனி. இலாபம் தராத, ஆனால் சமுதாயத்துக்குத் தேவையான பணிகளை அரசே செய்ய வேண்டும் என்று ஆடம் ஸ்மித் 1776-லேயே எழுதியிருந்தார். கம்பெனி நொடித்தது, 1953 ஏப்ரல் 12-இல் டிராம் நின்றது.

அடுத்து வந்த பறக்கும் ரயில், ரயில்வே துறையின் பொறுப்பு. விதி, கோப்பு, மேலதிகாரி என்று ஒழுங்காக இயங்கும் அலுவலக ஆட்சியை மாக்ஸ் வெபர் விளக்கினார் அல்லவா? அதற்கு இது நல்ல உதாரணம். பக்கிங்காம் கால்வாயை ஒட்டிப் பாதை எழுந்தது. 1995-இல் சேப்பாக்கம், 1997-இல் மயிலாப்பூர், 2007-இல் வேளச்சேரி வரை ரயில் ஓடியது. நிலையங்களோ மாளிகை போன்றவை, கூட்டந்தான் குறைவு. வாசலில் பஸ் நிற்கவேண்டும் என்பது ரயில்வேயின் கோப்பில் அடங்காத விஷயம்!

மூன்றாவதாக, மெட்ரோ நிறுவனத்தை மாநில அரசு 2007-இல் தொடங்கியது; பின்னர் அது மத்திய அரசும் மாநில அரசும் சரிபாதிப் பங்கு கொண்ட நிறுவனமாக மாறியது. கோயம்பேடு–ஆலந்தூர் வண்டி 2015 ஜூன் 29-இல் ஓடத் தொடங்கியது.

இத்தனை நிர்வாகங்கள் இருப்பதே குற்றமா? இல்லை என்பார் 2009-இல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம். அமெரிக்க நகரங்களின் போலீஸ் பணியை ஆராய்ந்த அவர், சிறு அமைப்புகள் பெரியவற்றுக்குச் சளைத்தவை அல்ல என்று கண்டார். ஆனால் அவை ஒன்றோடொன்று கலந்து பேச வேண்டும். மின்சுற்றில் கம்பிகள் நன்றாக இருந்தும் இணைப்பு தளர்ந்திருந்தால் அங்கேதான் சூடேறும் என்பது மாணவர்களுக்குத் தெரியும். சென்னையில் கோளாறு அந்த இடத்தில்தான் என்பது என் கருத்து.

இணைப்பை இறுக்க 2010-இல் ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்குச் சட்டம் வந்தது. அதன் முதல் கூட்டம் 2022-இல்தான் நடந்தது! பஸ், ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே சீட்டு 2025-இல் கிடைத்தது. அதுவும் கைப்பேசிச் செயலியில். அப்படிப்பட்ட கைப்பேசி இல்லாத நம் ஊர்ப் பாட்டி இன்னும் ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாகத்தான் சீட்டு வாங்க வேண்டும்.