விதி தெரிந்த ஆட்டம்

1970 அக்டோபரில், 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழின் கணிதப் பத்தியில் மார்ட்டின் கார்ட்னர் ஒரு விளையாட்டை அறிமுகப்படுத்தினார். பெயர் 'லைஃப்', உருவாக்கியவர் கேம்பிரிட்ஜின் கணிதவியலாளர் ஜான் ஹார்ட்டன் கான்வே. ஆடுவோர் இல்லாத ஆட்டம் இது. தொடக்க நிலையை அமைப்பதோடு நம் பங்கு முடிந்துவிடும்; பிறகு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எல்லையற்ற கட்டப் பரப்பில் ஒவ்வொரு கட்டத்துக்கும் எட்டு அண்டைக் கட்டங்கள். உயிருள்ள கட்டம், அண்டையில் இரண்டோ மூன்றோ உயிர்கள் இருந்தால் பிழைக்கும். குறைந்தால் தனிமையில் மடியும், மிகுந்தால் நெரிசலில் மடியும். வெற்றுக் கட்டத்தைச் சுற்றிச் சரியாக மூன்று உயிர்கள் இருந்தால் அங்கே ஓர் உயிர் பிறக்கும். அவ்வளவே விதிகள். இத்தகைய அமைப்புகளைச் 'செல்லுலார் ஆட்டோமேட்டா' என்பர். தன்னைத் தானே படியெடுக்கும் இயந்திரம் இயலுமா என்று ஆராய்ந்த ஜான் வான் நாய்மன் வகுத்த அமைப்பில் ஒரு கட்டத்துக்கு 29 நிலைகள் இருந்தன. கான்வேக்கு இரண்டே போதும்.

கான்வேயும் நண்பர்களும் முதலில் 'கோ' பலகையில் காய்களை வைத்தே தலைமுறைகளைக் கணக்கிட்டனர். ஐந்தே கட்டங்கள் கொண்ட 'ஆர் பென்டோமினோ' என்னும் வடிவம் அந்த முறைக்குப் பிடிபடவில்லை. 1103 தலைமுறைகளுக்குப் பின்னரே அது அடங்குகிறது என்பதை அறியக் கணிப்பொறி தேவைப்பட்டது.

எந்த வடிவமும் முடிவின்றிப் பெருகாது என்பது கான்வேயின் ஊகம். அதை நிறுவுபவருக்கோ மறுப்பவருக்கோ 50 டாலர் பரிசு என்றார். அடுத்த மாதமே எம்.ஐ.டி.யில் பில் காஸ்பரின் குழு அதை மறுத்துக் காட்டியது. அவர்கள் கண்ட வடிவம், 30 தலைமுறைகளுக்கு ஒருமுறை ஒரு 'கிளைடரை' ஓயாமல் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. விதிகளை வகுத்தவராலேயே அவற்றின் விளைவை முன்னறிய இயலவில்லை.

பின்னாளில் வீட்டுக் கணிப்பொறிகளுக்கு இவ்விளையாட்டு வந்து சேர்ந்தபோது நினைவகம் சில கிலோபைட்டுகள்தாம். 'பேசிக்' மொழியில் எழுதிய நிரல் ஒரு தலைமுறையைக் கணக்கிடப் பல நொடிகள் எடுத்துக்கொள்ளும். அந்தத் தாமதத்தைக் குறையென்று நாம் எண்ண வேண்டியதில்லை. அடுத்து எது பிழைக்கும், எது மடியும் என்று மனத்துக்குள் எண்ணிப் பார்க்க அது இடம் தந்தது; நம் கணிப்பு தவறுவதையும் உடனே காட்டியது. இன்றைய கணிப்பொறி ஆயிரம் தலைமுறைகளை இமைப்பொழுதில் கடந்துவிடும்போது முடிவுதான் தெரிகிறது, வழி தெரிவதில்லை.

விதி என்ற சொல்லை நாம் ஒழுங்குமுறைக்கும் வழங்குகிறோம், ஊழுக்கும் வழங்குகிறோம். அவ்விரு பொருளும் ஒரே திரையில் கூடியதே இந்த எளிய ஆட்டத்தின் ஈர்ப்பு. தம் பிற கணிதப் பணிகளை 'லைஃப்' மறைத்துவிட்டதாகக் கான்வே நெடுங்காலம் வருந்தினார். 2020 ஏப்ரல் 11 அன்று கொரோனா தொற்றால் அவர் மறைந்தபோதும், உலகம் முதலில் நினைவுகூர்ந்தது அந்தக் கட்டங்களைத்தான்.